பனி இருக்கிறது, ஆள் இல்லை: பனிச்சறுக்கு மலைகளின் வசந்தகால இலவசக் கச்சேரிகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள விஸ்லர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 675 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையடிவார ஊர். ஏப்ரல் நடுப்பகுதிக்குள் அதன் தெருக்களில் பனி போய்விட்டிருக்கும். கட்டட நிழல்களில் மட்டும் அழுக்கேறிய குவியல்கள் கசிந்துகொண்டிருக்கும். அதே வேளையில் தலையை உயர்த்திப் பார்த்தால், சறுக்குபவர்களைக் கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகளில் மேலேற்றும் லிஃப்ட் 2,284 மீட்டர் வரை செல்லும் பிளாக்கோம் மலையின் மேற்பாதி ஜனவரியில் நின்றது போலவே வெள்ளையாக நிற்கும். பிற்பகலில் சறுக்கி இறங்குபவர்கள் நேராக அடிவாரச் சதுக்கத்துக்கு வந்து சேர்கிறார்கள். கொக்கிகளைத் தளர்த்திவிட்ட கனத்த காலணி, இடுப்பில் சுற்றிக் கட்டிய குளிரங்கி, மேலே வெறும் அரைக்கைச் சட்டை, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்திருக்க மற்ற பகுதியெல்லாம் வெயிலில் கன்றிச் சிவந்த முகம் என்று ஒரு கூட்டம் திரளும்போது, மேடையில் இசைக்குழு வாசிக்கத் தொடங்கியிருக்கும். நுழைவாயில் இல்லை, சீட்டு இல்லை, மலைக்குப் போய் வந்தவர்தானா என்று கேட்பாரும் இல்லை.

விஸ்லரில் 1996 முதல் நடைபெறும் உலகப் பனிச்சறுக்கு மற்றும் ஸ்னோபோர்டு விழாவின் காட்சி இது. அமெரிக்காவின் கொலராடோ மலைகளிலும் ஆஸ்திரியாவின் டிரோல் பள்ளத்தாக்குகளிலும் பிரான்ஸ்-சுவிட்சர்லாந்து எல்லையிலும் மார்ச் முதல் மே தொடக்கம் வரை இதற்கு ஒப்பான கச்சேரிகள் நடக்கின்றன. சீசன் முழுவதும் வந்துபோன வாடிக்கையாளருக்கு மலை சொல்லும் நன்றி என்றே இவை பெரும்பாலும் விளக்கப்படுகின்றன. அந்த விளக்கம் பொய்யன்று. ஆனால் அது பாதிதான். பனிச்சறுக்குத் தொழிலின் அடிப்படையிலேயே உள்ள ஒரு முரண்பாட்டிலிருந்து இந்தக் கச்சேரிகள் பிறந்தன என்பதையும், அந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால்தான் 'இலவசம்' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு மலையிலும் என்ன பொருள் என்பது விளங்கும் என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முரண்பாடு இதுதான்: பனிச்சறுக்கு சீசன் பனி தீர்ந்ததால் முடிவதில்லை, ஆள் வருவது நின்றுபோவதால் முடிகிறது. கொலராடோவின் உயரமான சரிவுகளில் பனிப்படலம் சராசரியாக ஏப்ரல் முதல் பாதியில்தான் அதன் உச்ச அளவை எட்டுகிறது. அதாவது, அங்குள்ள பல பனிச்சறுக்குத் தலங்கள் கதவடைக்கும் வாரத்தில் மலைமேல் இருக்கும் பனி, கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் அலைமோதிய வாரத்தில் இருந்ததைவிட மிக அதிகம். விருப்பமிருந்தால் இன்னும் பல வாரங்கள் ஓட்ட முடியும் என்பதற்கு அதே மாநிலத்தின் அரபஹோ பேசின் சான்று. அடிவாரமே சுமார் 3,286 மீட்டர் உயரத்திலுள்ள அந்தத் தலம் வழக்கமாக ஜூன் வரை இயங்குகிறது. பனி கொட்டித் தீர்த்த 1994-95 சீசனில் 1995 ஆகஸ்ட் 10 வரை லிஃப்டுகளை ஓட்டியது. மற்ற தலங்களில் இது நிகழாததற்குக் காரணம் வாடிக்கையாளரின் மனம் மலையைவிட்டு முன்னதாகவே இறங்கிவிடுவதுதான். கொலராடோவின் தலைநகரான டென்வரில் வசிப்பவர் தன் வீட்டுப் புல்தரை பச்சையாவதைப் பார்க்கிறார், மிதிவண்டியைத் துடைத்து வெளியே எடுக்கிறார், பிள்ளைகளின் பந்தாட்டப் பயிற்சி தொடங்கிவிடுகிறது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பனி குவிந்து கிடக்கிறது என்ற செய்தி அவரை எட்டினாலும் அசைப்பதில்லை.

தலத்தின் கணக்கு வேறு விதமானது. லிஃப்டுகளுக்கும் பனி சீர்செய்யும் வண்டிகளுக்கும் போட்ட முதல், செயற்கைப் பனி தயாரிக்க நவம்பரிலும் டிசம்பரிலும் செலவிட்ட மின்சாரமும் தண்ணீரும், சீசன் முழுமைக்கும் அமர்த்திய ஊழியர்களின் சம்பளம் எல்லாமே ஏப்ரலுக்குள் செலவாகிவிட்ட தொகைகள். லிஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும்வரை, அதில் கூடுதலாக ஒருவர் ஏறுவதால் ஆகும் செலவு மிகச் சொற்பம்; அவர் ஏறாவிட்டாலோ அந்த நாற்காலி வெறுமனே மேலே போய் வெறுமனே கீழே வருகிறது. அடிவாரத்திலுள்ள விடுதி அறைகளின் நிலையும் அதுவே: இன்றிரவு விற்காத அறையை நாளை சேர்த்து விற்க முடியாது. எனவே, சரக்கு மிக அதிகமாகவும் அதை வைத்திருக்கும் செலவு மிகக் குறைவாகவும் கேட்பார் மிகக் குறைவாகவும் உள்ள அந்த நான்கைந்து வாரங்களில், மலைக்கு வர மக்களுக்குப் பனியைத் தவிர வேறொரு காரணம் தேவைப்படுகிறது. இசை அந்தக் காரணமாகிறது.

இசைதான் ஏன், அதுவும் பிற்பகலில் ஏன் என்ற கேள்விக்குப் பனியே விடை வைத்திருக்கிறது. வசந்தத்தில் பகல்வெயில் மேற்பரப்புப் பனியை உருக்குகிறது, தெளிந்த வானமுள்ள இரவு அதை மறுபடி உறையச் செய்கிறது. இது பல நாட்கள் தொடரும்போது பனிப்படிகங்கள் தம் கூர்முனைகளை இழந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பச்சரிசிக் குருணை போல உருண்டு திரள்கின்றன. ஆங்கிலம் பேசும் சறுக்காளர்கள் இதைக் 'கார்ன்', அதாவது சோளம் என்கிறார்கள். ஆல்ப்ஸின் ஜெர்மன் மொழிக்காரர்கள் 'ஃபிர்ன்' என்பார்கள். காலை எட்டு மணிக்கு இந்தப் பரப்பு கண்ணாடி போல் கெட்டிப்பட்டிருக்கும். சறுக்குக்கட்டையின் விளிம்பு பதியாது, வழுக்கி விழுந்தால் எலும்புக்கு நல்லதல்ல. பத்து மணிக்கு மேல் மேலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, கட்டைக்கு அடியில் குருணை சரசரவென்று ஒதுங்கும் அந்த ஓரிரு மணி நேரம், சறுக்குபவருக்கு ஆண்டின் மிக இனிய நேரம் என்றே பலர் சொல்வார்கள். நண்பகல் தாண்டியதும் அது கூழாகிறது. கட்டைகள் அதில் புதைந்து இழுபடுகின்றன, முழங்கால் நோகிறது, செங்குத்தான சரிவுகளில் ஈரப்பனி பெயர்ந்து சரியும் அபாயமும் கூடுகிறது.

ஆக, வசந்தத்தில் சறுக்கு நாள் என்பது மூன்று அல்லது நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் பொழுது நீண்டிருக்கிறது, வெயில் இதமாக இருக்கிறது, விடுதிக்கு முழுநாள் வாடகை கொடுத்தவர் பிற்பகல் ஒரு மணிக்கே அறைக்குத் திரும்ப விரும்புவதில்லை. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரிக் குளிரில் திறந்தவெளியில் இரண்டு மணி நேரம் நின்று பாட்டுக் கேட்பது யாருக்கும் இயலாத காரியம், கிதார் கலைஞனின் விரல்களுக்கு முற்றிலும் இயலாதது. ஏப்ரலில் அது இயல்கிறது. கூழாகிப்போன பிற்பகல்தான் கச்சேரிக்கு நேரம் ஒதுக்கித் தருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

விளம்பரதாரரும் ஒலிபெருக்கியும் வருவதற்கு முன்பே மலைவாசிகள் இந்த இடைவெளியைத் தம் வழியில் கொண்டாடிவந்தனர். கொலராடோவின் பழைய சுரங்க ஊரான கிரெஸ்டட் பியூட்டில் 1969 முதல் 'ஃப்ளாஷிங்க்' என்ற விழா நடக்கிறது. குளிர்காலத்தை ஊரைவிட்டு அனுப்பிவைக்கும் விழா அது. உள்ளூர்க்காரர்களிலிருந்தே ஓர் அரசனும் அரசியும் தேர்ந்தெடுக்கப்பட்டு முடிசூட்டப்படுகிறார்கள், போல்கா நடனம் நடக்கிறது. அதைப் போலவே பரவலானது குட்டை தாண்டும் போட்டி. சரிவின் அடியில் பனியை வெட்டி நீளமான பள்ளம் தோண்டி, உருகிய நீரை நிரப்பி, மேலிருந்து வேகமெடுத்து வருபவர் சறுக்குக்கட்டையோடு நீர்மேல் வழுக்கி மறுகரை சேர வேண்டும். வாழைப்பழ வேடமோ மணமகள் உடையோ அணிந்து வருபவர்கள் பெரும்பாலும் பாதி வழியில் வேகமிழந்து பனிநீரில் மூழ்குகிறார்கள். கரையில் நிற்பவர்களின் ஆரவாரம் அதற்காகத்தான். கனடாவின் பான்ஃப் அருகிலுள்ள சன்ஷைன் வில்லேஜில் மே மாத விக்டோரியா தின வார இறுதியில் நடக்கும் 'ஸ்லஷ் கப்' இவ்வகையில் பெயர்பெற்றது. கச்சேரிகள் இந்த மண்ணில்தான் வேரூன்றின. இன்றும் பல தலங்களில் குட்டை தாண்டலும் கச்சேரியும் ஒரே நாளில் நடப்பது அந்தப் பழைய உறவினால்தான்.

விஸ்லர் விழாவை 1996 இல் தொடங்கியவர் டக் பெர்ரி. ஏப்ரலில் மலை வெறிச்சோடுவதைக் கண்டு, போட்டிகளையும் புகைப்பட, குறும்பட அரங்குகளையும் திறந்தவெளி இசையையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்த அந்த ஏற்பாடு, விடுதிகள் காலியாகும் வாரங்களைக் குளிர்காலத்தின் பெரிய வாரங்களுள் ஒன்றாக மாற்றியது. முன்பு பத்து நாட்கள் வரை நீண்ட விழா, 2020 இல் பெருந்தொற்றால் ரத்தாகி, பின்னர் குறைந்த நாட்களோடு மீண்டு வந்தது. அதன் இலவசத் தன்மைதான் இங்கு கவனிக்க வேண்டியது. பாடகர் சம்பளமும் மேடைச் செலவும் எங்கிருந்து வருகின்றன? பல ஆண்டுகள் விழாவின் பெயரோடு ஒட்டியிருந்த டெலஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தைப் போன்ற விளம்பரதாரர்கள் ஒரு பங்கைத் தந்தார்கள். இன்னொரு பங்கு அரசு வழியில் வருகிறது: சுற்றுலாவையே நம்பியுள்ள சிறு நகராட்சிகளுக்கென பிரிட்டிஷ் கொலம்பியா அரசு வைத்திருக்கும் நிதித் திட்டத்தின் பணத்தில் ஒரு பகுதியை விஸ்லர் நகராட்சி விழாக்களுக்குச் செலவிடுகிறது. பயணி கொடுக்கும் வரியில் ஒரு பகுதி பாட்டாகத் திரும்பி வருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வான்கூவரிலிருந்து பேருந்தில் வந்து, சறுக்குக்கட்டையைத் தொடாமல், சதுக்கத்தில் நின்று கேட்டுவிட்டு மாலையில் திரும்புபவருக்கும் அந்த மேடை சமமாகவே திறந்திருக்கிறது.

ஆஸ்திரியாவின் இஷ்கிள் இதற்கு நேர்மாறான ஏற்பாடு, அதனாலேயே விரிவாகப் பார்க்கத் தக்கது. டிரோல் மாநிலத்தின் பாஸ்னவுன் பள்ளத்தாக்கில் சுமார் 1,377 மீட்டர் உயரத்திலுள்ள இந்த ஊரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறத்தாழ 1,600 பேர். விருந்தினர் படுக்கைகளோ அதைப்போலப் பல மடங்கு. லிஃப்டுகள் 2,872 மீட்டர் வரை ஏறுகின்றன, சறுக்குத் தடங்கள் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் சாம்னவுன் வரை நீள்கின்றன. 1990களின் நடுப்பகுதியிலிருந்து இங்கு 'டாப் ஆஃப் தி மவுண்டன்' என்ற பெயரில் நவம்பர் இறுதியில் சீசன் தொடக்கத்துக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று, சீசன் முடியும் ஏப்ரல் இறுதி அல்லது மே தொடக்கத்துக்கு ஒன்று என்று பெரிய கச்சேரிகள் நடத்தப்படுகின்றன. எல்டன் ஜான், டினா டர்னர், பாப் டிலன், ரிஹானா, ராபி வில்லியம்ஸ், மியூஸ் ஆகியோர் இங்கு பாடியிருக்கிறார்கள். 2019 மே மாத நிறைவுக் கச்சேரியில் லென்னி கிராவிட்ஸ் வாசித்தார். நிறைவுக் கச்சேரியின் இடம் ஊருக்குள் அன்று, சுமார் 2,300 மீட்டர் உயரத்திலுள்ள இடால்ப் என்ற மலைத்தட்டில், சறுக்குத் தடங்கள் கூடும் வெண்பரப்பில். நேரம் பிற்பகல் ஒரு மணி.

இந்தக் கச்சேரிக்குத் தனிச்சீட்டு கிடையாது. செல்லத்தக்க லிஃப்ட் பாஸ் வைத்திருந்தால் போதும். பல நாள் பாஸ் வாங்கித் தங்கியிருப்பவர் கூடுதலாக எதுவும் தர வேண்டியதில்லை என்பதால் அவருக்கு அது உண்மையிலேயே இலவசம். ஆனால் கச்சேரி நாளுக்கு மட்டும் வருபவரிடம் விற்கப்படும் ஒருநாள் பாஸுக்கு, கச்சேரியையும் சேர்த்து, வழக்கத்தைவிட உயர்ந்த தனிவிலை வைப்பது வழக்கம். அந்த இரண்டு விலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தலத்தின் எண்ணம் தெளிவாகிறது: ஒருவரை ஒரு நாள் வரவழைப்பது அதன் குறிக்கோள் அன்று, மூன்று நான்கு இரவுகள் தங்கவைப்பதே குறிக்கோள். அந்த ஏற்பாட்டில் பாடகர் மலையின் விளம்பரச் செலவு; அறை வாடகையிலும் உணவிலும் மதுவிலும் அது பள்ளத்தாக்கு முழுவதற்கும் திரும்பி வருகிறது. இன்னொன்றும் உண்டு. மே முதல் வாரத்தில் உலகப் புகழ்பெற்ற ஒருவர் பனிமேல் நின்று பாடும் படம் ஐரோப்பியச் செய்தித்தாள்களில் வரும்போது, தாழ்வான தலங்கள் மார்ச்சிலேயே மூடிவிட்ட நிலையில், 'எங்கள் மலையில் இன்னும் பனி இருக்கிறது' என்ற செய்தியைப் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தும் சொல்ல முடியாத அளவுக்கு அந்தப் படம் சொல்லிவிடுகிறது.

பிரான்ஸ்-சுவிட்சர்லாந்து எல்லையில் பன்னிரண்டு தலங்களை இணைக்கும் போர்த் து சொலேயில் 2011 முதல் மார்ச் மாதம் நடக்கும் 'ராக் த பிஸ்த்' விழாவும் லிஃப்ட் பாஸையே சீட்டாக ஏற்கிறது. ஒவ்வொரு நாளும் வேறொரு சரிவில் மேடை, கேட்க வேண்டுமானால் மலைமேல் ஏறிச்சென்றாக வேண்டும். 2007 இல் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் செர்மாட் அன்பிளக்டு விழாவிலோ பெரிய மேடைகளுக்குச் சீட்டு உண்டு, சில சிறு மேடைகள் மட்டும் எல்லோருக்கும் திறந்தவை.

இந்தத் தலங்களின் நாட்காட்டியை உண்மையில் நிர்ணயிப்பது ஈஸ்டர். மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரக்கூடிய அந்தப் பண்டிகைதான் ஐரோப்பியக் குடும்பங்கள் பனிமலைக்கு வரும் கடைசிப் பெரிய விடுமுறை. 2024 இல் ஈஸ்டர் மார்ச் 31 அன்று வந்தது. 2025 இல் ஏப்ரல் 20 அன்று. முதலாவது ஆண்டில் ஈஸ்டருக்கும் மே தொடக்கத்துக்கும் நடுவே ஒரு மாதத்துக்கும் மேல் வெறுமையான காலம், இரண்டாவது ஆண்டில் பத்துப் பதினைந்து நாட்கள்தான். விடுமுறையும் பனியும் ஒன்றாக வரும் ஆண்டில் கச்சேரி ஓர் அலங்காரம். அவை பிரிந்துபோகும் ஆண்டில் அது சீசனின் முதுகெலும்பு.

மலைமேல் மேடை போடுவது எவ்வளவு வேலை என்பதைக் கீழே நின்று கேட்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. பகலில் உருகி அமிழும் பனியின்மேல் பல டன் எடையுள்ள இரும்புச் சட்டகத்தை அப்படியே நிறுத்த முடியாது; சங்கிலிச் சக்கரமுள்ள பனிவண்டிகள் பல நாட்கள் பனியைத் தள்ளி, அமுக்கி, இரவில் கெட்டிப்பட விட்டு, ஒரு தளத்தை உருவாக்கித் தர வேண்டும். கருவிகள் கேபிள் காரிலும் பனிவண்டிகளிலும் ஏறி வருகின்றன. 2,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல ஏறத்தாழ முக்கால் பங்குதான்; நீண்ட சுரங்களைப் பிடிக்கும் பாடகருக்கும் நடனக்காரருக்கும் மூச்சு முன்னதாகவே தீர்கிறது. குளிர்காற்றில் ஊதுகருவிகளின் சுருதி இறங்குகிறது, வெயிலுக்கும் மேக நிழலுக்கும் நடுவே கிதார் நரம்புகள் மாறிமாறித் தளர்ந்து முறுகுகின்றன. கேட்பவருக்கும் சோதனை உண்டு: ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிரின் வலிமை பத்து சதவீதம் அளவில் கூடுகிறது, புதிய பனி அந்தக் கதிர்களில் 80 சதவீதம் வரை கீழிருந்து திருப்பி அடிக்கிறது; தொப்பி போட்டவருக்கும் மோவாய்க்கு அடியில் தோல் கன்றுவது அதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கேபிள் கார் கொண்டுவர முடிந்த அளவுதான் கூட்டம். காற்று பலத்தால் கேபிள் கார் நிற்கும், மேடைக் கூரையும் இறக்கப்பட வேண்டும். கச்சேரி முடிந்ததும் பல்லாயிரம் பேர் வெளிச்சம் மங்குவதற்குள் இறங்கியாக வேண்டும். கால்வாசிப் பேர் மது அருந்தியிருந்தாலும்கூட, கூழாகிப்போன சரிவில் அவர்கள் சறுக்கி இறங்குவது மீட்புப் பணியாளர்களுக்கு ஆண்டின் கவலைமிக்க மணிநேரங்களில் ஒன்று.

அமெரிக்க மலைகளுக்கு வந்தால், 'யார் பணம் கொடுக்கிறார்கள்' என்ற கேள்விக்கு வேறொரு பதில் கிடைக்கிறது. கொலராடோவின் வெய்ல் ஊரில் பல ஆண்டுகள் 'ஸ்பிரிங் பேக் டு வெய்ல்' என்ற பெயரில் ஏப்ரலில் இலவசக் கச்சேரிகளும் குட்டை தாண்டும் போட்டியும் நடந்தன. அந்த நகராட்சி தனக்கென 4 சதவீத விற்பனை வரி வசூலிக்கிறது. 2021 இல் வாக்காளர்கள் ஊழியர் குடியிருப்புக்காக மேலும் அரை சதவீதத்தை ஏற்றுக்கொண்டனர். கச்சேரிக்கு வருபவர் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் வாங்கும் ஒவ்வொரு சட்டையும் ஊர்க் கருவூலத்துக்குச் சிறிது தருகின்றன. அதே மாநிலத்திலுள்ள ஸ்டீம்போட் என்ற தலத்தின் இலவசக் கச்சேரித் தொடர் ஒரு பீர் நிறுவனத்தின் பெயரையே தாங்கி நடந்தது. இவற்றைவிட ஆழமான காரணம், சீசன் முழுவதும் லிஃப்டில் ஏற ஒரே தொகை வாங்கிக்கொண்டு தரும் சீசன் பாஸின் வியாபாரம். பல பனிச்சறுக்குத் தலங்களை நடத்தும் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2008 மார்ச்சில் 'எபிக் பாஸ்' என்பதை 579 டாலருக்கு அறிவித்தது. 2018 இல் போட்டியாக 'ஐகான் பாஸ்' வந்தது. அடுத்த குளிர்காலத்துக்கான பாஸ் இந்த ஆண்டு வசந்தத்தில்தான் மிகக் குறைந்த விலையில் விற்பனைக்கு வருகிறது. பனி எப்படி இருக்கும் என்று எவருக்கும் தெரியாத எட்டு மாதங்களுக்கு முன்பே பணம் கட்டச் சொல்வதால், வெய்ல் ரிசார்ட்ஸின் லிஃப்ட் வருமானத்தில் பாதிக்கும் மேல் இன்று பாஸ் விற்பனையிலிருந்து வருகிறது. வாடிக்கையாளர் இதமான வெயிலில், நண்பர்களோடு, பாட்டுக் கேட்டபடி நிற்கும் அந்தப் பிற்பகல்தான் 'அடுத்த ஆண்டும் வருகிறேன்' என்று கையெழுத்திட வைக்க மிக ஏற்ற பொழுது. குளிரில் வரிசையில் நடுங்கிய ஜனவரி நினைவோடு அவரை வீட்டுக்கு அனுப்ப எந்த வியாபாரியும் விரும்பமாட்டார்.

இந்த வணிகக் கணக்கை இவ்வளவு விரிவாகச் சொன்னதால் கச்சேரிகளில் மனித உறவே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. லிஃப்ட் வாசலில் நிற்பவர், சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுபவர், சறுக்குப் பயிற்சியாளர், அறை சுத்தம் செய்பவர் என்று மலையைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் ஐந்தாறு மாத ஒப்பந்தத்தில் வந்தவர்கள். விஸ்லரில் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் இளைஞர்கள் அதிகம். சுவிட்சர்லாந்திலோ, உணவகச் சமையற்கூடங்களில் உழைத்தே தலையெடுத்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் அந்த நாடு முழுவதும் உண்டு. சீசன் முடிவு என்ற சொல்லின் எடையை அவர்கள் நன்கு அறிவார்கள். நெருக்கடியான அறையைப் பகிர்ந்து, பண்டிகை நாட்களிலெல்லாம் வேலை பார்த்து, வாடிக்கையாளர் மகிழ்வதைப் பார்த்தே குளிர்காலத்தைக் கழித்தவர்கள், வேலை நேரம் முடிந்து சீருடையோடே கூட்டத்தில் கலந்து நிற்கும் ஒரே நிகழ்ச்சி இந்த நிறைவுக் கச்சேரிதான். சீட்டு விலை வைத்திருந்தால் அவர்களில் பலர் வந்திருக்க முடியாது. மறுவாரம் அவர்கள் நாலா திசையிலும் பிரிவார்கள். பனி உருகிச் சேறாகும், கடைகள் பூட்டப்படும். அமெரிக்க மலையூர்களில் அந்தக் காலத்துக்குச் சேற்றுக்காலம் என்றே பெயர். திறந்த சதுக்கத்து இலவசக் கச்சேரியை, பாஸ் காட்டி நுழையும் கச்சேரியைவிட நான் மேலாக மதிப்பதற்கு இதுவே முதற்காரணம். வெய்லில் உச்ச நாட்களில் ஒருநாள் லிஃப்ட் சீட்டு 2024-25 சீசனில் 300 டாலரைத் தாண்டிவிட்ட நிலையில், எளியவருக்கு அந்த மலையில் எஞ்சியிருக்கும் பொது இடம் மிகச் சிறிது.

குறைகளும் உண்டு. 2020 மார்ச் 13 அன்று பாஸ்னவுன் பள்ளத்தாக்கு தனிமைப்படுத்தப்பட்டு இஷ்கிளின் சீசன் ஒரே பிற்பகலில் முடிந்தது. அங்கு தொற்றிய கொரோனா ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவியது. தொற்று பரவியது கச்சேரி மேடையில் அன்று, நெரிசலான மதுக்கூடங்களில் என்றாலும், சறுக்குவதைவிடக் கூடிக் களிப்பதையே முன்னிறுத்தி வளர்ந்த ஒரு சுற்றுலா முறை அன்று கேள்விக்கு உள்ளானது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான சுயாதீன ஆணைய அறிக்கை அதிகாரிகளின் முடிவுகளில் இருந்த தவறுகளைச் சுட்டியது. சுற்றுச்சூழல் நோக்கிலும் கேள்வி நியாயமானது: பனிச்சறுக்குப் பயணத்தின் கரிம வெளியீட்டில் பெரும்பங்கு மலைக்கு வந்துசேரும் போக்குவரத்தால் ஏற்படுவது. ஒரு நாள் கச்சேரிக்காக ஆயிரக்கணக்கான கார்கள் ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழையும்போது, பனியைக் கொண்டாட வந்தவர்களே பனி குறைவதற்கும் காரணமாகிறார்கள். தொடர்வண்டியிலோ பேருந்திலோ வருபவருக்குச் சலுகை தரும் தலங்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பாடகரே தனி விமானத்தில் வந்திறங்கினால் அந்தச் சலுகைக்குப் பொருள் இல்லை.

பனி குறைவது ஊகம் அன்று. இத்தாலிய ஆல்ப்ஸின் உயரங்களில் தரையோடு படர்ந்து வளரும் ஜூனிப்பர் புதர்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2023 இல் வெளியான ஆய்வு, கடந்த ஆறு நூற்றாண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டால் அங்கு பனி மூடியிருக்கும் காலம் இப்போது 36 நாட்கள் குறைந்துவிட்டதாகக் கணித்தது. புதர் பனிக்கு அடியில் இருக்கும்வரை வளர்வதில்லை, பனி விலகிய பின்பே வளர்கிறது என்பதால் அதன் வளையத்தின் தடிமனே பனிக்காலத்தின் கணக்கேடு. இந்த இழப்பு எல்லா மலைகளையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. தாழ்ந்த தலங்கள் வசந்தத்தை முற்றிலும் இழக்கின்றன. இடால்ப் போன்ற உயர்ந்த தளமுள்ளவை, அயலாரின் பனி போனதாலேயே, ஏப்ரல் வாடிக்கையாளரைக் கூடுதலாகப் பெறுகின்றன. ஒரு காலத்தில் ஆளின்றிக் கிடந்த பனியை விற்க உதவிய கச்சேரி, பனி அரிதாகும் காலத்தில் அது எஞ்சியிருக்கும் சில உயரங்களின் தனிச்சொத்தாக மாறுகிறது. அப்போது அதை இலவசமாக வைத்திருக்க என்ன காரணம் இருக்கும் என்பது இப்போதே கேட்கத்தக்க கேள்வி. சதுக்கங்களில் நடப்பவை ஊராட்சியின் வரிப்பணத்தில் நடப்பதால் நிலைக்கக்கூடும். லிஃப்ட் பாஸோடு இணைந்தவை அந்தப் பாஸின் விலையோடு சேர்ந்து ஏறும்.

இதற்கிடையே அமைப்பாளர்களின் மேசையில் நாட்காட்டி விரிந்தே கிடக்கிறது. 2027 இல் ஈஸ்டர் மார்ச் 28 அன்று வருகிறது. அன்றிலிருந்து மே முதல் ஞாயிறு வரை சரியாக ஐந்து வாரங்கள், விடுமுறைக் கூட்டம் இல்லாமல், மலைமேல் பனி மட்டும் மிஞ்சியிருக்கும்.